ஆட்டாங்கல்லில் நாலு விரல்

நாலு மணிக்கு மாட்டுத் தரகர் கருப்பணன் வண்டியோடு வந்துவிடுவார். இப்போது மணி இரண்டேகால். அதற்குள் துளசிமணிக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும், இந்த வருசம் கோடை மழை உண்டா இல்லையா என்று. உண்டு என்றால் மயிலைப் பசுவை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. நல்லதாக ஒரு மழை விழுந்தால் போதும், எட்டாம் நாள் கொறங்காட்டில், மேய்ச்சலுக்கென்றே வேலியடைத்து விட்டிருக்கும் அந்த ஆறு ஏக்கர் மானாவாரி நிலத்தில், கொழுக்கட்டைப் புல் தலைகாட்டிவிடும். மாடு தன்பாட்டுக்கு மேய்ந்துகொள்ளும். இல்லை என்றால் ஏற்றிவிட வேண்டியதுதான். தீவனப்போரில் இன்னும் நாலு நாளைக்குத்தான் சோளத்தட்டு இருக்கிறது, அதுவும் அடித்தட்டு, கரையான் மண் அப்பியது. மயிலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆறு மாதச் சினை. சினைமாடு என்பதால் சந்தையில் யாராவது வீட்டு மாடாகவே வாங்கிக்கொள்வார்கள் என்று கருப்பணன் சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தார். பார்த்தாரா? இல்லை, ஒரு ஈ அவர் காதில் உட்கார்ந்தது, அதை ஓட்டத்தான் திரும்பினார். ஆனால் ஈயை ஓட்டக் கை போதுமே, முகம் எதற்கு? தீவனம் இல்லாத சித்திரையில் சினைமாட்டை யார் வாங்குவார்கள்? மலை தாண்டிப் போகிற அடிமாட்டு லாரியில் எல்லா மாடும் நின்றுகொண்டுதான் போகும், எது சினை எது மலடு என்று லாரிக்குத் தெரியாது. அதை நினைக்க வேண்டாம் என்று சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தண்ணீர் சுட்டது. காலையில் வீட்டுக்காரர் சென்னியப்பனிடம் போனில் கேட்டதற்கு, "நீயே ரோசனை பண்ணிச் சொல்லிரு புள்ள. உனக்குத்தான் ஆட்டாங்கல் கணக்கெல்லாம் தெரியுமே" என்றார். போன வாரத் தூறலில் ஆட்டாங்கல்லில் மூன்று விரல் தண்ணீர் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அது நிசமாகச் சொன்னதா, குத்திச் சொன்னதா? அவர் காத்தாடி மின்சாரக் கம்பெனிக்குக் காவல்காரர். காத்தாடிக்கு அடியில் நின்று பேசினால் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்றுகூடத் தெரியாது. தெரியுமே என்றார். தெரியுமா என்று கேட்கவில்லை. தெரியுமே. அந்த ஏ எதற்கு?

போன வருசம் தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள். அதற்கு முந்தின வருசம் தெரியாது என்று நினைத்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி அடி. முந்தின வருசம் பங்குனி முழுக்க வானம் கழுவி வைத்த வட்டில் மாதிரி இருந்தது. இனி எங்கே மழை என்று செவலையைக் கொடுத்தார்கள். அந்த மாடு போய் மூன்றாம் நாள் பிடித்தது பார் மழை, மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்து, புல் முழங்கால் உயரம் வந்து, மேயத்தான் வாயில்லை. மயிலை அப்போது கன்று, அது தின்று தின்று கழிந்தது. போன வருசம் இதற்கு நேர் மாறு. சித்திரை பிறந்த வாரமே இடி இடித்தது, காலையில் போய் ஆட்டாங்கல்லில் விரல் விட்டுப் பார்த்தாள், நாலு விரல் தண்ணீர். நாலு விரல் என்றால் ஒரு உழவு மழை. இது அவள் மாமியார் காலத்துக் கணக்கு. வாசலில் கிடக்கும் பழைய ஆட்டாங்கல்லின் குழியில் நிற்கும் தண்ணீரை விரலால் அளந்து, இத்தனை விரல் என்றால் கலப்பை இறங்கும், இத்தனை என்றால் புழுதிதான் அடங்கும் என்று சொல்லிவிடுவார்கள். நாலு விரல். அந்தப் புல்லைப் பார்த்து வாங்கிவிட்ட ஆடுகளைக் கொடுக்க வேண்டாம் என்றாள். கொடுக்கவில்லை. புல் வரவில்லை. ஒரு உழவு மழை பெய்த காட்டில் புல் வராமல் போகுமா? போனது. இருபத்திரண்டு ஆடும் எலும்பெடுத்த பிறகுதான் ஏற்றிவிட்டார்கள். அப்படியென்றால் ஒரு வருசம் விட்டு ஒரு வருசமா? பெரியவள் கல்யாணத்து வருசம் பெய்தது, பந்தல் சரிந்தது, நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த வருசமும் பெய்தது. அதற்கு அடுத்தது? அந்த வருசம் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், ஆஸ்பத்திரிச் சன்னலில் மழை தெரிந்தது. ஆனால் அது கோயம்புத்தூர் மழை. இங்கே பெய்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. வயிற்றுவலியில் யார் மழையைக் கேட்பார்கள்? அந்த ஒரு வருசம் விட்டுப் போனதால் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்துதான் இடறுகிறது.

ஏழாவதோடு படிப்பு நின்றது. ஆறாவதா, ஏழாவதா, அறிவியல் புத்தகத்தில் மழை எப்படி வருகிறது என்று ஒரு படம் இருந்தது. வலது பக்கம் கடல், இடது பக்கம் மலை. கடலிலிருந்து அம்புக்குறி மேலே போகும், மேகமாகும், மலையில் முட்டி மழையாகும், ஆறாக ஓடி மறுபடி கடலுக்கே போகும். நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைத்தாள். எங்க ஊர் எதுங்க சார் என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கடலும் இல்லை மலையும் இல்லை, இந்த வெள்ளையில்தான் நாம் குடியிருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டாள். எட்டாவது போயிருந்தால் அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்னவோ. தை மாதம் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் காகிதமும் பேனாவுமாக வந்தாள். நல்ல பெண், மோர் கொடுத்தால் சொம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவள். அவளிடம் கேட்டே விட்டாள், "ஏங்கண்ணு, ஒரு வருசம் பேயுது, ஒரு வருசம் பேயறதில்ல. எதுனால?" அந்தப் பெண் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். கிழக்கே நாடு நாடாகத் தாண்டிப் போனால் ஒரு பெரிய கடல் இருக்கிறதாம். அது சில வருசம் சூடாகுமாம், சில வருசம் ஆறுமாம். அது சூடானால் இங்கே காற்று திசை தப்புமாம். "அப்ப அந்தக் கடல்தான் காரணமா?" "அது ஒரு காரணம்ங்கம்மா. அது மட்டும் காரணமில்ல." கிழக்குக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வருகிற காய்ந்த காற்றும் இந்தச் சமவெளிக்கு மேலே ஒரு கோடு போட்ட மாதிரி முட்டிக்கொள்ளுமாம். அந்தக் கோடு விழுகிற இடத்தில் இடி மேகம் எழும்புமாம். கோடு ஒரு வருசம் இங்கே விழும், ஒரு வருசம் அறுபது மைல் தள்ளி விழும். "அப்ப அந்தக் கோடுதான்." "அது மட்டும் இல்லீங்கம்மா. மண்ணுல முன்னமே ஈரம் இருந்தா அது வெயில்ல ஆவியாகி மழைக்குக் கூடச் சேரும். மண்ணு காஞ்சே கெடந்தா சூடு மட்டும்தான் மேல போகும்." பெய்த இடத்தில்தான் மறுபடி பெய்யும் என்று இதற்கு அர்த்தமா? கொடுத்தவனுக்கே கொடுக்கிற பந்தி மாதிரி? "எங்க காட்டுக்குச் சொல்லு கண்ணு." "காட்டுக்கெல்லாம் சொல்ல முடியாதுங்கம்மா, மாவட்டத்துக்கே சந்தேகம்தான். சராசரிக்கு மேல பெய்ய நூத்துக்கு அறுபது வாய்ப்புன்னு சொல்லலாம்."

நூற்றுக்கு அறுபது. தையிலிருந்து இந்த அறுபதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நூறு காட்டில் அறுபது காட்டுக்கு மழை என்றா? அப்படியென்றால் தங்கள் காடு அந்த அறுபதில் சேர்ந்ததா, நாற்பதில் சேர்ந்ததா? இல்லை, நூறு நாளில் அறுபது நாளா? அறுபது நாள் பெய்தால் இது மேட்டுக்காடா, மலையாள தேசமா? இல்லை, ஒரே மழைதான், ஆனால் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான மழையா? மாட்டில் அறுபது பங்கை வைத்துக்கொண்டு நாற்பது பங்கை வண்டியில் ஏற்ற முடியுமா? சராசரி என்றால் என்ன என்றும் கேட்டாள். முப்பது வருசத்து மழையைக் கூட்டி முப்பதால் வகுத்தது என்றாள். "அந்த சராசரி மழை எந்த வருசம் பேஞ்சுது?" அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சிரித்தாள், "எந்த வருசமும் சரியா அந்த அளவு பெய்யலீங்கம்மா." பெய்யாத ஒரு மழைக்கு மேலே பெய்ய அறுபது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. அதுதான் இன்னும் குழப்பம். பொய் என்றால் தள்ளிவிட்டுப் போகலாம். ஊருக்குள் சொல்வது லேசாக இருக்கிறது: காத்தாடி மேகத்தை விரட்டுகிறது. அவ்வளவுதான், ஒரே வரி. காத்தாடி வந்த பிறகுதான் மழை போனது என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் இதையும் கேட்டாள், அதெல்லாம் இல்லீங்கம்மா என்றாள். ஆனால் அவளா இங்கே குடியிருக்கிறாள்? அது உண்மையாக இருந்தால் மழையை விரட்டுகிற மெஷினுக்குக் காவல் இருப்பது சென்னியப்பன், அந்தச் சம்பளத்தில் சோறு தின்பது துளசிமணி. ராத்திரி பகலாக அவர் உட்கார்ந்து காவல் காத்தது எதை? இல்லை, காத்தாடி வந்த பிறகும் பெய்த வருசம் இருக்கிறதே, செவலையைக் கொடுத்த வருசம் பெய்ததே, அன்றைக்கும் காத்தாடி சுற்றிக்கொண்டுதானே இருந்தது? அப்படியென்றால் வெள்வேல மரமா? வேலியோரம் இருந்த பெரிய மரத்தை மாட்டுக்குத் தகரக் கொட்டாய் போட வெட்டினார்கள். மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு மரத்துக்காக மேலே இருக்கிறவன் ஆறு ஏக்கரைக் காயவிடுவானா? பக்கத்துக் காட்டுக்காரன் எட்டு மரம் வெட்டினான், அவன் காட்டிலும்தான் புல் இல்லை. சரி, அவன் பாவமும் சேர்ந்து காய்ந்ததோ?

மூன்றேகாலுக்குத் தென்மேற்கில் மேகம் எழும்பியது. எழும்பும்போது பார்க்கவில்லை. வெளிச்சம் சுருங்கியதும் வெளியே வந்து பார்த்தாள், மேலே வெள்ளை, அடியில் கரிச்சட்டி நிறம். சந்தோசம் வரவில்லை. வருமோ என்று நினைக்க ஆரம்பித்தாலே வராதோ என்பதும் கூடவே வந்து நின்றுகொள்கிறது. மேற்குக்காற்று அடிக்கிறதா கிழக்குக்காற்று அடிக்கிறதா? முந்தானையைத் தூக்கிப் பிடித்தாள், அசையவில்லை. இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிறதா? அந்தக் கோடு இப்போது எங்கே இருக்கிறது, இந்த வீட்டுக்கு மேலேயா? மயிலை கட்டுத்தரையில் படுத்து அசைபோட்டது, வாயில் ஒன்றும் இல்லாமலே. மேகம் வெயிலை முழுசாக மறைக்கவில்லை, சாய்வாக ஒரு வெயில் வந்து தகரக் கொட்டாயின் நிழலை வாசலில் நீளமாக இழுத்துப் போட்டது. அவள் அந்த நிழலுக்குள், கொட்டாயை ஒட்டி ஒண்டி நின்றாள். காலுக்குக் கீழே மண் குண்டும் குழியுமாக உறுத்தியது. பார்த்தாள். தகரத்தின் ஓரத்துக்கு நேர் கீழே, கொட்டாய் நீளத்துக்கும், சுண்டுவிரலால் குத்தி வைத்த மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். கூரை விளிம்பான இறவாணத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பறித்த குழிகள். அந்த வரிசை மாட்டுக் கட்டுத்தரையில் ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நேராகப் போய் ஆட்டாங்கல்லில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எறும்பு வரிசை மாதிரி அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. பிறகு அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டாங்கல்லை. மறுபடி தகரத்தை. கொட்டாய் போட்டு மூன்று வருசம். அதற்கு முன்னால் அந்தக் கல் வெட்டவெளியில் கிடந்தது, மாமியார் வைத்த இடம், ஒருவரும் நகர்த்தவில்லை, நகர்த்தக் கூடாது என்றே விட்டார்கள். கொட்டாய்தான் நகர்ந்து அதற்கு மேலே வந்திருக்கிறது. முப்பதடித் தகரத்தில் விழுந்த மழை ஓடி வந்து ஓரத்தில் சொட்டி, அதில் ஒரு பங்கு நேராகக் குழிக்குள் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் போன வருசத்து நாலு விரல்? அதில் எத்தனை விரல் வானத்துத் தண்ணீர், எத்தனை விரல் தகரத்துத் தண்ணீர்? ஒரு விரல்தானோ? அரை விரலோ? புழுதி அடங்கக்கூடப் போதாத தூறலுக்கு நாலு விரல் என்று வீடு வீடாகச் சொன்னாளே. புல் ஏன் வரும்? மண் ஏமாற்றவில்லை, மரம் சாபம் போடவில்லை, காத்தாடி எதையும் விரட்டவில்லை. மழை பெய்யவே இல்லை, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே இருபத்திரண்டு ஆடும் கண்ணுக்குள் வந்தன. போன வாரம் பெய்த தூறலுக்கு மூன்று விரல் என்று சென்னியப்பனிடம் சொன்னாளே, அதை நம்பித்தானே 'உனக்குத்தான் தெரியுமே' என்றார். இனி எந்த வருசத்தை வைத்து எந்த வருசத்தைப் பார்ப்பது? கொட்டாய்க்கு முந்தின வருசங்கள் நிசம், பிந்தின வருசங்கள் பொய் என்று வைத்துக்கொண்டால், செவலையைக் கொடுத்த வருசம் எதில் சேர்த்தி? அந்த வருசம் புல் வந்ததே, அது நிசம்தானே? கல் பொய் சொன்னது, புல் நிசம் சொன்னது. ஆனால் புல் முன்கூட்டிச் சொல்லாதே. போன வருசம் இதே நாளில், நங்கையா, சென்னியப்பனின் அக்கா, வாய்க்கால் பாசனத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், ஆளனுப்பினாள், வைக்கல் வேணும்னா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க என்று. துளசிமணி என்ன சொன்னாள்? "எங்களுக்கு ஒரு உழவு மழை பேஞ்சிருச்சுன்னு சொல்லுங்க, வைக்கலெல்லாம் வேண்டாமுங்க." தகரத்துத் தண்ணீரை வைத்துக்கொண்டு சொன்ன பேச்சு. அதற்கு நங்கையா ஒரு விசேசத்தில் பத்துப் பேர் காதுபட, "மானாவாரிக்காரிக்கு ரோசத்துக்கு மட்டும் வாய்க்கால் பாசனம்" என்றாள். அன்றைக்கு விட்ட பேச்சு. இன்றைக்கு வரை இல்லை. அப்படியென்றால் தான் இத்தனை நாளாக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது மழைக்காகவா, அந்த ஒரு வீட்டு வாசலுக்குப் போகாமல் இருப்பதற்காகவா? இதுவும் குழப்பமாகத்தான் இருந்தது. இரண்டும்தான் போல. அது ஒரு காரணம்ங்கம்மா, அது மட்டும் காரணமில்ல.

நாலுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. கருப்பணன் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுக் கயிறு ஒன்றை உதறினார்.

"என்னுங் அம்மணி, அவுக்கலாங்களா?"

அவள் மேகத்தைக் காட்டினாள். "இது வருங்களாண்ணா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "அது பழனிக்குப் போற மேகமுங்க. சாமி கும்பிடப் போகுது. நம்மூர்ல எறங்குறதுக்கு அதுக்கு டிக்கெட் இல்ல."

"வெளையாடாதீங்கண்ணா. நெசமாச் சொல்லுங்க."

"நானு மாட்டுப் பல்லைப் பாத்து வயசு சொல்லுவனுங்க. மேகத்துக்குப் பல்லு இருந்தா வாயப் பொளந்து பாத்து அதையும் சொல்லீருவன்." மயிலையின் பக்கம் நடந்தார். அது எழுந்து நின்றது. எழும்போது வயிறு ஒரு பக்கமாக ஆடி நின்றது. அவர் கழுத்தில் கை வைத்ததும் தலையைத் தாழ்த்திக்கொடுத்தது.

"ஏத்த வேண்டாமுங்கண்ணா."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கருப்பணன் திரும்பினார். "மழை வருதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"அது தெரியலீங்க. ஒரு நிமிசம் இருங்க." உள்ளே போய்ப் போனை எடுத்தாள். எண் போனில் இல்லை, போன வருசம் கோபத்தில் அழித்தது. ஆனால் விரலுக்குத் தெரிந்திருந்தது. நாலு தரம் அடித்த பிறகு எடுத்தாள் நங்கையா.

"யாரு, துளசியா? என்ன அதிசயம்?"

"நங்கையா, அங்க மழைங்களா?"

"மழை எதுக்கு எங்களுக்கு? களத்துல எள்ளு காயுது, வந்தா நனைஞ்சு தொலையும். ஏன், மழை வெசாரிக்கத்தான் ஒரு வருசம் கழிச்சுப் போன் பண்ணுனயா?"

"இல்லீங்க. மாட்டுக்குத் தீனி இல்லீங்க."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "ஏன், உங்குளுக்குத்தான் ஒரு உழவு மழை பேஞ்சுதே?"

"அது தகரத்துத் தண்ணீங்க நங்கையா. கொட்டாய்ல இருந்து சொட்டி ஆட்டாங்கல்லு ரொம்பியிருக்குது. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நங்கையா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, யாரிடமோ தண்ணீர் கேட்டாள். "அட கெரகம் புடிச்சவளே, ஆட்டாங்கல்ல நகுத்தி வெக்கறதுக்குக்கூடவா உங்க ரெண்டு பேருக்கும் தோணல?"

"தோணலீங்க."

"மாடு எது, மயிலையா?"

"ஆமாங்க. ஆறு மாசம்."

"வைக்கல்தான் இருக்குது, தட்டு இல்ல. திங்குமா?"

"திங்குமுங்க."

"எத்தனை நாளைக்கு வேணும்?"

துளசிமணி வாசல் வழியாக வானத்தைப் பார்த்தாள். மேகம் அப்படியேதான் நின்றது, வருவது போலவும் போவது போலவும். "மழை வர்ற வரைக்குமுங்க" என்றாள்.

"அது எப்போ?"

"தெரியாதுங்க நங்கையா." அதைச் சொல்வது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"சரி. பொழுதோட வண்டி புடிச்சுட்டு வா. வந்தா சாப்புட்டுத்தான் போகோணும், வாசல்லயே நின்னுட்டு ஓடக் கூடாது."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கருப்பணன் வண்டியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டி சும்மாத்தானுங்களே திரும்புது? வாய்க்கால் பக்கம் எங்க நங்கையா ஊடு. வைக்கல் ஏத்தோணும்."

"மாடு ஏத்த வந்தவன வைக்கல் ஏத்தச் சொல்றீங்களே அம்மணி! ஊர்ல தெரிஞ்சா என்னைத் தரகன்னு எவன் மதிப்பான்?" என்றார். ஆனால் முன்சீட்டில் கிடந்த கயிற்றையும் மூக்கணாங்கயிறுகளையும் எடுத்துப் பின்னால் எறிந்துவிட்டு, துண்டால் சீட்டைத் தட்டிக் கொடுத்தார். அவள் மயிலைக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து ஏறினாள்.

தார் ரோட்டில் ஏறித் திரும்பியதும் முன்கண்ணாடியில் இரண்டு துளி விழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கருப்பணன் வைப்பரைப் போட்டார், அது தூசியை வழித்துக் கண்ணாடி முழுக்கச் சேறாக இழுத்தது.

"மழைதானோ அம்மணி?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணா" என்றாள் துளசிமணி.